என் அப்பா கட்டாத பாலம்

1

நான் இருக்கும் நார்வே நாட்டில் வரி கட்டுவது ரொம்பச் சுலபம். பனி உருகத் தொடங்கும் சமயத்தில் கைபேசிக்கு ஒரு செய்தி வரும். திறந்து பார்த்தால் நான் சம்பாதித்தது, அவர்கள் பிடித்தது, வங்கி கொடுத்த வட்டி எல்லாவற்றையும் அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். தப்பு இருந்தால் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம்.

முதல் வருடம் எனக்கு இது பிடிபடவில்லை. ஊர்ப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு நகல் எடுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, வரி அலுவலகத்துக்கே போய் நின்றேன். அங்கிருந்த பெண் காகிதக் கட்டைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதற்கு? நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம்" என்றாள். நான் பேந்தப் பேந்த விழித்தேன். ஒன்றும் சொல்லாமல் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்குமே வராத காரியம்.

என் மகள் இலாவுக்கு இந்தக் கவலை எல்லாம் கிடையாது. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வரி பிடித்தபோது, "எனக்கு வரி கட்டப் பிடிக்குது அம்மா" என்றாள். அவளுடைய தமிழ் ஏறி இறங்கி, இந்த ஊர்ப் பாட்டு மாதிரிதான் வரும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பிள்ளை வேறு ஏதோ ஒன்றாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது. அதே நிமிடம் இன்னொன்றும் தோன்றியது. இதைக் கேட்க அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அப்பா எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். அவர் இறந்தது ஐப்பசியில், நல்ல மழையில். இந்த வருடம் அதே நினைவு நாளில், சித்தேரி மலையடிவாரத்தில் மூங்கில்கொட்டாய் என்ற சின்ன ஊருக்குப் போகும் வழியில் உள்ள ஓடையின் மேல் ஒரு பாலம் திறந்தார்கள். அதற்கு அப்பா பெயரை வைக்க வேண்டும் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். நான் இரண்டு நிமிடம் பேசிக் காணொளி அனுப்ப வேண்டும் என்றான். அந்த இரண்டு நிமிடம் என்னைப் படுத்திய பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

2

அப்பா இரண்டு முறை ஜெயித்தார். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. அவருடைய கட்சிக்காரர்களே அவரை எங்கள் கட்சி என்று சொல்லிக்கொள்ளத் தயங்கினார்கள்.

சட்டமன்றத்தில் எழுந்தால் அவர் பேசுவது இரண்டு விஷயம்தான். வரியாக என்ன வாங்குகிறீர்கள், அதை எதில் செலவு செய்கிறீர்கள். கூரை வீட்டுக்காரனுக்கு வீட்டு வரி ஏற்றினால் எழுந்துவிடுவார். பஸ் கட்டணம் ஏறினால் எழுந்துவிடுவார். சாராயக் கடை வருமானத்தைப் பட்ஜெட்டில் பெருமையாக வாசித்தபோது, "இந்த வருமானம் வந்த வூட்டுல எல்லாம் அடுப்பு எரிஞ்சுதான்னு கேட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாராம். விருந்தினர் மாளிகைக்கு வெள்ளை அடிக்க ஒதுக்கிய தொகையைப் பற்றி அவர் பேசிய பேச்சில் ஆளும் பக்கம், எதிர்ப் பக்கம் இரண்டும் சேர்ந்து சிரித்தன. வரியே வேண்டாம் என்கிற ஆள் இல்லை அவர். "வாங்கு. நல்லா வாங்கு. வாங்கினவன் பதில் சொல்லு" என்பார்.

எந்தச் செலவையும் அவர் தக்காளிக் கூடையில்தான் அளப்பார். ஊர் எல்லையில் ஒரு நுழைவு வளைவு கட்டலாம் என்று யாராவது வந்தால், அன்றைய தக்காளி விலையைக் கேட்டு, வளைவுக்கு எத்தனை கூடை ஆகும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார். அப்புறம் கேட்பார், "இத்தினி கூடையும் யாரு வூட்டுத் தோட்டத்துல பறிச்சது?" வந்தவர் மெல்ல நழுவிவிடுவார். தொகுதி முழுக்க அவருக்கு 'யாரூட்டுப் பணம்' என்றே பெயர். குழந்தைகள்கூட அப்படித்தான் சொல்லும். அவருக்கு அதில் கோபம் கிடையாது, பெருமைதான்.

எம்.எல்.ஏ. நிதியில் பஸ் நிழற்குடை கட்டினால், மஞ்சள் வண்ணம் அடித்து அதில் எம்.எல்.ஏ. பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுவது நம் ஊர் வழக்கம். அப்பா எழுத விடவில்லை. தொகையை எழுதச் சொன்னார், கீழே 'உங்கள் பணம்' என்று எழுதச் சொன்னார். பெயின்டர் நொந்துபோய், "பேரு இல்லாம எப்படிங்க, எங்கூலி வேணும்னாலும் கொறச்சிக்கறேன், பேரை எழுதிடறேனுங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. விளைவு என்னவென்றால், அப்பா கட்டியது எது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அந்தக் காலியிடத்தில் எல்லாம் பின்னால் வந்தவர்கள் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவர் கட்டாதது மட்டும்தான் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது.

அது இந்தப் பாலம்.

கிராம சபைக் கூட்டம் ஒன்றில் மூங்கில்கொட்டாய்க்காரர்கள் வந்து கேட்டார்கள். நான் கல்லூரி விடுமுறையில் இருந்தேன், அப்பாவோடு போயிருந்தேன். கொஞ்சம் வீடுகள்தான் அந்தப் பக்கம். அப்பா வழக்கம்போலக் கூடைக் கணக்குப் போட்டார். அந்தத் தொகையில் தொகுதியில் பாதிப் பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிவிடலாம். கட்டவும் செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அன்றைக்கு அவர் சொன்ன விதம் வேறு.

"வருசத்துல பத்து நாளு தண்ணி வர்ற ஓடைக்குப் பாலமா? பத்து நாளு பொறுத்துக்கக் கூடாதா?"

கூட்டம் கைதட்டியது. அந்தப் பக்கத்திலிருந்து சொசைட்டிக்குப் பால் கொண்டு வரும் பெருமாள் என்பவர் எழுந்தார். கைகட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான் சொன்னார்.

"பொறுத்துக்கலாமுங்க. அந்தப் பத்து நாளு எதுன்னு முன்னாடியே தெரிஞ்சாப் பரவால்லீங்க."

அப்பா சிரித்துவிட்டு, "நல்லாப் பேசறியே" என்று தட்டிக்கொடுத்தார். அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

3

அந்த ஓடையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோடையில் அது வெறும் மணல். ஆடு மேயும், பிள்ளைகள் பந்து விளையாடும். கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் மழை பெய்துவிட்டால் திடீரென்று தண்ணீர் இறங்கும். சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் இடுப்பளவு வந்துவிடும்.

அப்பா தேர்தலில் தோற்று வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஒரு காலையில் அப்படித்தான் வந்தது. மொபெட்டில் இரண்டு பக்கமும் பால் கேனோடு பெருமாள் நடு ஓடையில் இருந்தார். கேன்கள் பக்கத்திலேயே கிடைத்தன. அவரைத் தேட இரண்டு நாள் ஆயிற்று.

அப்பா சாவு வீட்டுக்குப் போனார். பெருமாளின் மனைவி மாதம்மா திட்டவில்லை, அழவில்லை, ஏறிட்டுப் பார்க்கவும் இல்லை. யாரோ நாற்காலி போட்டார்கள், அப்பா உட்காரவில்லை. திரும்பி வந்து ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். அப்புறம் பாலத்துக்காக மனு எழுதினாரா, போராடினாரா என்றால், இல்லை. பதவியில் இருந்தபோது மறுத்ததை இப்போது போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பின்னால் வந்த எம்.எல்.ஏ.க்களும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா செய்தது வேறு ஒன்று.

மலை கறுத்தால் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் வீடு இருந்த பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் பிடித்து, இறங்கி நடந்து, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு புங்க மரத்தடியில் போய் நிற்பார். வருகிற வண்டியை எல்லாம் மறிப்பார். "நில்லுப்பா. மலையில பேயுது. ஒரு மணி நேரம் நின்னா ஒண்ணும் குடி முழுகிடாது." சிலர் நின்றார்கள். சிலர் முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு மூளை பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

"மழை வந்தா ஊரே வூட்டுக்குள்ள போவுது, இந்த மனுசன் மட்டும் வெளிய போறாரு" என்று அம்மா புலம்புவாள். நான் இங்கிருந்து போன் செய்தால் பின்னால் தண்ணீர் இரைச்சல் கேட்கும்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"இங்கதான். ஓடையாண்ட."

"உடம்புக்கு ஆகுமா இது?"

"யாரோ ஒருத்தர் நிக்கோணுமில்ல" என்பார்.

அந்த வழியாகத்தான் மாதம்மாவும் வேலைக்குப் போக வேண்டும், வர வேண்டும். முதல் மழைக்காலத்தில் அவர் கை காட்டியதைக் கவனிக்காததுபோலத் தண்ணீருக்குள் இறங்கிப் போனாளாம். அடுத்த மழைக்காலத்தில் நின்றாள். அவர் புங்க மரத்தடியில், அவள் கொஞ்சம் தள்ளி ஒரு பாறையோரம். தண்ணீர் வடியும் வரை இரண்டு பேரும் நிற்பார்களாம், ஒரு வார்த்தை பேசாமல். இதை எனக்குச் சொன்னது அம்மா. அப்பா சொன்னதே இல்லை.

அப்படி நனைந்து வந்த காய்ச்சலில்தான் அவர் போனார்.

நார்வேயில் பாலத்துக்குப் பஞ்சமில்லை. நாலு வீடு இருக்கிற தீவுக்கும் பாலம் இருக்கிறது, மலையைக் குடைந்து வழி இருக்கிறது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குப் போகவே இரண்டு பாலம் தாண்ட வேண்டும். மழை நாளில் பாலத்தின் முனையில் யாராவது குடையோடு நின்றால் பஸ் கண்ணாடியைத் துடைத்துப் பார்ப்பேன். பஸ் பக்கத்தில் போனதும் அது யாரோ வெள்ளைக்காரர் என்று தெரியும். தெரிந்த பிறகும் திரும்பிப் பார்ப்பேன்.

4

தம்பி குமரேசன் தர்மபுரியில் உர வியாபாரம் செய்கிறான். அடுத்த தேர்தலில் நிற்க ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை.

"அக்கா, அப்பா சாவற வரைக்கும் இந்தப் பாலத்துக்காகப் பாடுபட்டாரு, அதிகாரிங்கதான் தடுத்துட்டாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா. வெளிநாட்டுல இருந்து பொண்ணு பேசுதுன்னா சனம் கேக்கும்."

"பொய்டா அது."

"அவரு அங்க போயி நின்னது பொய்யா?"

"நின்னது நெசம். ஏன் நின்னாருன்னு சொல்லுவியா?"

"அதெல்லாம் யாருக்குக்கா ஞாபகம் இருக்குது?"

"மாதம்மாவுக்கு இருக்கும்."

அவன் குரல் மாறிவிட்டது. "நீ அங்க சொகமா இருக்கற. இங்க நான்தான் தெனம் கேக்கறேன், பாலம் கட்டாதவன் மவன்னு. எனக்குன்னு அவரு விட்டுட்டுப் போனது பேரு ஒண்ணுதான். அதையும் கழுவிக் குடுக்க மாட்டியா? சரி, சொல்ல வேணாம். நான் பேசறப்ப நீ குறுக்கே எதுவும் சொல்லாம இரு, போதும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஊர் பேசுவதை அவன்தான் தினமும் கேட்கிறான், நான் இல்லை. ஆனால் என் அப்பா வாழ்நாள் முழுக்கச் செலவுக்குப் பதில் சொல் என்று மற்றவர்களைக் கேட்டவர். அவர் செய்யாமல் விட்ட இந்த ஒரு செலவுக்குப் பொய்யான பதிலை நான் எப்படிச் சொல்வது?

5

அந்த வாரம்தான் இங்கே எங்கள் ஊராட்சிக் கூட்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் வீடுகள் இருக்கின்றன. பழைய பாலம் பலவீனமாகிவிட்டது, புதிதாகக் கட்டுவதா, மூடிவிட்டுச் சுற்று வழியில் போகச் சொல்வதா என்று மக்களிடம் கேட்டார்கள். இலா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். காபியும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. சண்டை இல்லாத கூட்டம் எனக்கு எப்போதுமே ஒரு மாதிரியாக இருக்கும்.

ஆர்னே எழுந்தார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், பெரியவர், குளிர்காலத்தில் கேட்காமலேயே என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போகிறவர். "இது நம் எல்லோருடைய வரிப்பணம்" என்று தொடங்கினார். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது. இந்தச் சில வீட்டுக்காக இவ்வளவு பெரிய செலவா? கொஞ்சம் சுற்றிப் போனால் என்ன? அவர் பேசப் பேச நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அதே நிதானம், அதே நியாயம். முகம்தான் வேறு.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. இத்தனை வருடம் பேசிய மொழி அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டது. ஓடைக்கு என்ன சொல் என்பதே மறந்துபோனது. "வந்தால் வருகிற ஆறு" என்று ஏதோ உளறினேன். சிலர் புன்னகைத்தார்கள். பிறகு சொன்னேன்: "எங்கள் ஊரில் ஒரு நல்ல மனிதர் இதையேதான் சொன்னார். அவர் கணக்கு சரியாக இருந்தது. ஒரு ஆள் செத்துப்போனார்."

அதற்குப் பிறகு யாரும் புன்னகைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் ஆர்னே என்னிடம் வந்தார். "அந்த நல்ல மனிதர் யார்?" என்றார். "என் அப்பா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாலம் பற்றி இன்னும் முடிவாகவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் இலா காரை ஓரம் கட்டினாள். "தாத்தாவைப் பத்தி எனக்கு ஏன் சொல்லவே இல்ல? ஊர்ல எல்லாருக்கும் தெரியுது, இங்க எல்லாருக்கும் சொல்ற, எனக்கு மட்டும் தெரியாது." அவள் அழுதாள். அவளுக்குத் தெரிந்த தாத்தா, போனில் தக்காளி விலை சொல்லிச் சிரிக்க வைக்கிறவர் மட்டும்தான். அன்றைக்கு முழுவதையும் சொன்னேன், பெருமாள் பேரைச் சொல்லி, அவர் கேட்டதையும் சொல்லி.

மறுநாள் காணொளியைப் பதிவு செய்தேன். அப்பா பாலம் வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். ஏன் சொன்னார், அதனால் என்ன நடந்தது, பிறகு ஏன் மழையில் நின்றார் என்று சொன்னேன். பாலத்துக்குப் பெயர் வைப்பதென்றால் பெருமாள் பெயரை வையுங்கள் என்று முடித்தேன். குமரேசன் பார்த்துவிட்டு ஒரே வரியில் பதில் அனுப்பினான்: 'இனிமே எனக்கு அக்கா இல்ல.'

6

திறப்பு விழாவை யாரோ நேரலையில் போட்டார்கள். இலாவும் நானும் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தோம். பந்தல், நாற்காலி, மேளம், சால்வை. என் காணொளியைப் போடவில்லை, போடமாட்டான் என்று தெரியும். தம்பி மைக்கைப் பிடித்து, அப்பா இந்தப் பாலத்துக்காகப் படியேறி இறங்காத அலுவலகம் இல்லை என்றான். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு எரிந்தது.

முன்வரிசையில் மாதம்மா உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. கூட்டம் அவளையே பார்ப்பது திரையில்கூடத் தெரிந்தது. மேடையில் இருந்த அதிகாரி ஒருவர், விவரம் தெரியாமல்தான் இருக்க வேண்டும், "அம்மா, நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டார். தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. நான் இருந்த இடத்தை விட்டு எழுந்துவிட்டேன். சொல்லு, சொல்லிவிடு என்று தமிழில் கத்தினேன்.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். "ஆமாங்க" என்றாள். "எம்.எல்.ஏ. அய்யா கேட்டுக்கிட்டேதான் இருந்தாருங்க. அவரு பேரையே வச்சிடுங்க." மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மறுநாள் அவள் நம்பரைத் தேடி வாங்கிப் பேசினேன். எடுத்த எடுப்பில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க என்று.

"யாரு, எம்.எல்.ஏ. பாப்பாவா? நல்லா இருக்கறியா? அங்க ரொம்பக் குளுருமாமே."

"மாதம்மாக்கா, தம்பி ஏதாவது மெரட்டினானா? பணம் கிணம்..."

"அந்தப் புள்ளையா? அது என்னைப் பாத்தாலே தலையைக் குனிஞ்சிக்கும். அதெல்லாம் ஒண்ணுமில்ல பாப்பா." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "போன மழையிலயும் நின்னாரு."

"யாரு?"

"ஒங்கப்பாதான். அதே மரத்தடியில, குடையைப் புடிச்சிக்கிட்டு. நான் பாத்தேன். கொட்டாயில இன்னும் ரெண்டு மூணு பேரு பாத்திருக்காங்க. யாரும் பயந்துக்கல. கை காட்டுனாரு, நின்னோம்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "பேயா வந்தாருங்கறீங்களா?"

"பேயா? பெத்த அப்பனைப் போயி பேய்ங்கறியே" என்று அதட்டினாள். "பாலம் வந்துடுச்சி. இனிமே தண்ணி வந்தா யாரும் நிக்க வேணாம். ஆனா அவருக்கு யாரு சொல்றது? நான் சொன்னாத்தான் அவரு கெளம்புவாரு. வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. அதான் மைக்குல ஆமான்னு சொன்னேன். போதுங்க, வூட்டுக்குப் போங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் சொன்னேன்."

"பெருமாள் அண்ணனுக்கு என்ன சொல்லுவீங்க?" கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன்.

"அந்தாளுக்கு என்னா, அவரு எங்கூடத்தான இருக்கறாரு. அவருக்கு வூடு இருக்குது" என்றாள். அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போங்க என்று அப்பாவை அவள் அனுப்பிவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அம்மாவும் போன பிறகு, பாப்பிரெட்டிப்பட்டி வீட்டை நாங்கள் பூட்டிவிட்டோம். சாவி நார்வேயில் என்னிடம் இருக்கிறது.